கழிவல்ல, கையிருப்பு

மார்கழி, தை மாதங்களில் வட இந்திய நகரங்களின் சந்தைகளில் பச்சைப் பட்டாணி மலையெனக் குவிந்து கிடக்கும். தில்லியிலும் லக்னோவிலும் போபாலிலும் இளவெயிலில் அமர்ந்து பட்டாணி உரிப்பது குடும்பமே கூடிச் செய்யும் குளிர்காலப் பணியாகும். உரித்து முடித்தபின் ஒருபுறம் பட்டாணி மணிகள் இருக்கும். மறுபுறம் அதைவிடப் பெரிய குவியலாகத் தோல்கள் கிடக்கும். எடையிட்டுப் பார்த்தால், வாங்கிய பட்டாணியில் ஏறத்தாழப் பாதி தோலாகவே இருப்பதைக் காணலாம். கிலோ 40 ரூபாய் என்று வாங்கியிருந்தால், ஏறத்தாழ 20 ரூபாயை நம் கையாலேயே குப்பைக் கூடையில் இட்டவர்களாகிறோம்.

பட்டாணி ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. கொத்துமல்லிக் காம்பு, கேரட்டின் தோலும் முனைகளும், வெங்காயத்தின் அடிப்பகுதி, தக்காளிக் காம்படி, இஞ்சித் தோல், மக்காச்சோளச் சக்கை என நாள்தோறும் நாம் தள்ளுபவை பல. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஆள் ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. உண்ணத்தக்க உணவோடு தோல், எலும்பு போன்ற உண்ணாத பகுதிகளும் இக்கணக்கில் அடங்கும். நால்வர் உள்ள குடும்பத்திற்கு இது ஆண்டுக்கு 220 கிலோ ஆகிறது.

இந்தக் குவியலில் ஒரு பகுதியை மணமுள்ள வடிசாறாக மாற்ற இயலும். உணவகங்களில் இதனை 'ஸ்டாக்' என்பர். காய்கறிகளின் மிச்சத்தையோ எலும்பையோ நீரில் கொதிக்க வைத்து வடித்தெடுக்கும் இச்சாறு, குழம்புக்கும் ரசத்திற்கும் புலாவுக்கும் சூப்புக்கும் அடித்தளமாக அமையும். இதை எவ்வாறு சிக்கனமாகவும், அதைவிட முக்கியமாகப் பாதுகாப்பாகவும் செய்வது என்பதை இங்கே காண்போம்.

நம் நாட்டுப் பழைய வழக்கம்

வடிசாறு அயல்நாட்டுச் சமையல் நுட்பம் என்று கருத வேண்டியதில்லை. மகாராட்டிரத்தில் ஹோலிப் பண்டிகையன்று பூரண்போளி செய்வதற்காகக் கடலைப் பருப்பை வேகவைப்பர். பருப்பை வடித்த நீரை அங்குள்ள இல்லத்தரசியர் கொட்டிவிடுவதில்லை. அதில் புளியும் வெல்லமும் மசாலாவும் சேர்த்துக் 'கட்டாச்சி ஆம்டி' என்னும் சாற்றைக் காய்ச்சிப் போளியோடு பரிமாறுவர். கருநாடகத்தில் இதே வழியில் அமைந்ததுதான் 'ஹோளிகே சாரு'. அங்கே கீரையையும் பருப்பையும் வேகவைத்து வடித்த நீரில் செய்வது 'பஸ்ஸாரு'; வடித்த சாறு என்ற பொருள் அப்பெயரிலேயே உள்ளது. லக்னோவின் புலாவுக்கு உயிராக விளங்குவது இறைச்சியும் எலும்பும் கொதித்த 'யக்னி' என்னும் சாறே. பருப்பு வெந்த நீரை ரசத்திற்கு எடுத்து வைப்பதும், வடிகஞ்சியில் உப்பிட்டுக் குடிப்பதும் நம் தமிழ் வீடுகளுக்குப் புதியவை அல்ல. வேகவைத்த நீரிலும் சுவை உண்டு என்பதை அறிந்தவர்களே நம் முன்னோர். அந்த அறிவைத் தோலுக்கும் காம்புக்கும் நீட்டிக்கிறோம், அவ்வளவே.

முதலில் உண்க; பின்னர் வடிக்க

எல்லா மிச்சத்தையும் சாற்றுப் பானையில் இடுவது சிக்கனமாகாது. வடித்தபின் சக்கையை எறிந்துவிடுகிறோம் என்பதை மறத்தலாகாது. எனவே, உண்ணக் கூடியதை உண்பதே முதல் படியாகும். பீர்க்கங்காய்த் தோல் நல்ல துவையலாகும். சுரைக்காய்த் தோலை மெல்லியதாக நறுக்கி வதக்கி உண்பது வங்காள வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். தர்ப்பூசணியின் வெண்பகுதி கூட்டுக்கு உதவும். முள்ளங்கிக் கீரையையும் காலிபிளவரின் இளந்தண்டையும் பொரியலாக்கலாம். இவற்றை நீரில் கொதிக்கவைத்துப் பிழிந்து எறிவது, முதலையே உடைத்து வட்டி வாங்குவதற்கு ஒப்பாகும்.

சுவை உண்டு, ஆனால் மென்று விழுங்க முடியாது என்னும் நிலையில் உள்ளவையே வடிசாற்றுக்கு உரியவை. பட்டாணித் தோல் இதற்கு மிகப் பொருத்தமான சான்று. அதன் உட்புறத்தில் காகிதம் போன்ற கடினமான படலம் இருப்பதால் அப்படியே சமைத்து உண்ண இயலாது. ஆயினும் அதில் இனிப்பும் பசுமை மணமும் நிறைந்துள்ளன. மணிகளை உதிர்த்த மக்காச்சோளச் சக்கை, முற்றிய கொத்துமல்லிக் காம்பும் வேரும், கறிவேப்பிலை ஈர்க்கு, கேரட் முனைகள், காளானின் அடிக்காம்பு, இஞ்சித் தோல், பூண்டின் முனைகள், தக்காளியின் காம்படி, வெங்காயத்தின் மேல்மடல் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. தக்காளியும் காளானும் சாற்றுக்கு ஆழ்ந்த சுவையைத் தருகின்றன. வெங்காயச் சருகு பொன்னிறம் தரும். ஆனால் மிகுதியானால் கசக்கும் என்பதால் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டா.

பானையில் இடக் கூடாதவை

பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கின் தோலையும் அதன் முளையையும் அறவே தவிர்த்தல் வேண்டும். அவற்றில் மிகுந்திருக்கும் சோலனைன் என்னும் நச்சுப்பொருள் கொதிக்க வைப்பதால் அழிவதில்லை. வெங்காயத்தின் மேல்மடல்களில் கரும்பொடி போலப் படிந்திருப்பது பூஞ்சை. அத்தகைய மடல்களைக் குப்பையில் இடுவதே நன்று. முட்டைக்கோசும் காலிபிளவரும் நெடுநேரம் கொதித்தால் கந்தக நெடி வீசும். பாகற்காய் கசப்பையும், வெண்டைக்காய் வழவழப்பையும், பீட்ரூட் வேண்டாத செந்நிறத்தையும் தரும்.

அழுகியது, புளித்தது, பூசணம் பூத்தது எதுவாயினும் வடிசாற்றில் சேராது. மிச்சம் வேறு, கெட்டது வேறு. வாராக்கடனை வேறு பெயரில் புதுப்பித்து எழுதினால் அது நல்ல கடன் ஆகிவிடாது என்பதை வங்கியில் பணிபுரியும் நாம் நன்கறிவோம். கெட்ட காயைக் கொதிக்க வைப்பதும் அதே போன்றதுதான்.

காய்களைக் கழுவும் முறையிலும் ஒரு மாற்றம் தேவைப்படுகிறது. தோலைச் சீவி எறிவோர் சிலர் காயைக் கழுவுவதே இல்லை. தோலைப் பயன்படுத்த எண்ணினால், சீவுவதற்கு முன்பே ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். மண் ஒட்டிய வேர்களை இரண்டு மூன்று முறை அலசுதல் வேண்டும். மருந்து தெளித்த காய்களின் மேற்பரப்பில் பூச்சிக்கொல்லியின் எச்சம் தங்கக்கூடும்; கழுவுதல் அதனைக் குறைக்குமேயன்றி முற்றிலும் நீக்கிவிடாது. ஐயம் எழும் காயின் தோலை விட்டுவிடுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

தொடர் வைப்பு போல ஒரு பெட்டி

ஒரு நாளின் மிச்சம் ஒரு கோப்பை அளவுகூட இராது. அதை மட்டும் கொதிக்க வைத்தால் கிடைப்பது நிறமேறிய நீரே. இதற்கு நம் தொடர் வைப்புக் கணக்கின் முறைதான் கைகொடுக்கிறது. மூடியுள்ள ஒரு பெட்டியைக் குளிர்ப்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்து, அன்றாடம் கழுவி நீர் வடித்த மிச்சங்களை அதில் சேர்த்துவரலாம். பெட்டியின்மேல் தொடங்கிய தேதியை எழுதி ஒட்டுதல் நலம். நான்கைந்து கோப்பை அளவு சேர்ந்ததும் பெட்டி முதிர்வடைந்துவிட்டது என்று கொள்ளலாம். சிறு குடும்பங்களில் இதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். ஒரு மாதத்திற்கு மேல் வைத்திருத்தல் வேண்டா, மணம் குன்றிவிடும்.

உறைநிலைப் பகுதி சிறியதாக உள்ளவர்களும் மின்வெட்டு மிகுந்த ஊர்களில் வாழ்பவர்களும் சேமித்து வைக்க முயலாமல் இருப்பதே நல்லது. வீட்டில் விருந்து சமைக்கும் நாளிலோ, பட்டாணியை மொத்தமாக உரிக்கும் நாளிலோ மிச்சம் தானாகவே மிகுந்திருக்கும். அன்றே காய்ச்சி அன்றே பயன்படுத்திவிடலாம்.

செய்முறை

நான்கு கோப்பை மிச்சத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குளிர்ந்த நீர் போதும். ஐந்தாறு மிளகு, ஒரு பிரிஞ்சி இலை, தட்டிய பூண்டுப் பல் இரண்டு சேர்க்கலாம். தண்ணீர் கொதி வந்தபின் தீயைக் குறைத்து, மூடியிட்டு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் வரை மெல்லக் கொதிக்க விடுதல் வேண்டும். அதற்கு மேல் நீட்டித்தால் காய்களின் மணம் மங்கிக் கசப்பு தலைகாட்டும். பின்னர்ச் சக்கையை அழுத்திப் பிழியாமல் வடிகட்டினால் தெளிவான சாறு கிடைக்கும்.

அழுத்தக் கொதிகலனாகிய குக்கரில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களே போதும். குக்கரின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்புதல் கூடாது. அழுத்தம் தானாக அடங்கிய பிறகே திறத்தல் வேண்டும்.

காய்ச்சும்போது உப்பிட வேண்டா. சாறு வற்ற வற்ற உப்பு செறிவடையும். பின்னர் அதனைச் சேர்க்கும் உணவில் அளவு தவறிவிடும். நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கடைகளில் விற்கும் சூப் கட்டிகள் பெரும்பாலானவற்றில் உப்பே முதன்மையான பொருளாக இருக்கிறது. உப்பின் அளவு நம் கையில் இருப்பதே வீட்டு வடிசாற்றின் பெரும் நன்மை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதன் மதிப்பு இன்னும் கூடும்.

அசைவம் உண்போர், கோழியின் முதுகெலும்பு, கழுத்து ஆகியவற்றை இரண்டு மூன்று மணி நேரமும், ஆட்டெலும்பை நான்கு மணி நேரத்திற்கு மேலும் மெல்லிய தீயில் காய்ச்சுவர். குக்கரில் கோழி எலும்புக்கு முக்கால் மணி நேரம் போதுமானது. மேலே திரளும் நுரையை எடுத்துவிட்டால் சாறு தெளியும். எலும்பை இணைக்கும் கொலாஜன் என்னும் பொருள் கரைந்து ஜெலட்டின் ஆவதால், குளிர்ந்ததும் சாறு பாகு போல உறையும்; அது கெட்டதற்கு அடையாளமன்று. இறால் ஓடும் மீன் தலையும் இருபது முப்பது நிமிடங்களிலேயே சுவையை விட்டுவிடும். இறால் ஒவ்வாதவர்களுக்கு அச்சாறும் ஒவ்வாது என்பதை நினைவிற் கொள்க. சமைக்கும்போது ஒதுக்கிய எலும்புகளையே பயன்படுத்துக. உண்ட தட்டில் மிஞ்சியவை எச்சிலாதலால் அவற்றை விலக்குக.

ஆற வைப்பதில்தான் ஆபத்து

நாம் நாகபுரியில் பணிபுரிந்த காலத்தில், ஏப்ரல் மாதத்து இரவொன்றில் பெரிய பாத்திரம் நிறையக் கோழி எலும்புச் சாறு காய்ச்சினோம். ஆறட்டும் என்று மூடி, அடுப்பின்மேலேயே விட்டுவிட்டு உறங்கச் சென்றோம். மறுநாள் காலையில் அதை மீண்டும் நன்றாகக் கொதிக்க வைத்தோம். மணத்திலும் சுவையிலும் குறையேதும் தெரியவில்லை. காய்ச்சலிலிருந்து தேறிக்கொண்டிருந்த வீட்டுப் பெரியவருக்குத் தெம்பு வரட்டும் என்று முதற்கோப்பையை அவருக்கே கொடுத்தோம். அன்று மாலையே வயிற்றுப்போக்கு தொடங்கிற்று. இரண்டு நாள் மருத்துவமனையில் நரம்பின் வழியே நீர் ஏற்றும் நிலைக்கு அவர் வந்துவிட்டார். மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "அடுப்பிலிருந்து இறக்கியது எப்போது? குளிர்ப்பெட்டியில் வைத்தது எப்போது?" என்பதுதான். இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை.

கொதிநீரில் கிருமிகள் மடிகின்றன. ஆனால் சிலவகைக் கிருமிகளின் விதை போன்ற வித்துகள் மடிவதில்லை. சாறு மெல்ல ஆறும்போது அவை விழித்துப் பெருகத் தொடங்குகின்றன. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலை அவற்றுக்கு உகந்தது. பெரிய பாத்திரம் ஒன்றின் நடுப்பகுதி இந்த இடைநிலையைக் கடக்கப் பல மணி நேரம் ஆகும். அவற்றுள் சில வெளியிடும் நஞ்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் சிதைவதில்லை. ஆகவே, "காலையில் ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்" என்னும் நம்பிக்கை ஆபத்தானது.

காக்கும் வழி எளிது. வடித்தவுடன் சாற்றை அகலமான சிறு பாத்திரங்களாகப் பிரித்து, குளிர்ந்த நீர் நிரம்பிய தாம்பாளத்தில் வைத்து அவ்வப்போது கிளறினால் அரைமணி நேரத்தில் சூடு பெரிதும் தணிந்துவிடும். காய்ச்சி இறக்கிய இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டிக்குள் சென்றுவிட வேண்டும். அங்கே மூன்று நாள் வரை வைத்திருக்கலாம். உறைநிலையில் இரண்டு மூன்று மாதங்கள் வரை தாங்கும். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததைக் குமிழியிடும்வரை கொதிக்க வைத்துப் பயன்படுத்துக. ஒருமுறை சூடாக்கியதை மீண்டும் உறைய வைக்க வேண்டா. முதலில் வைத்ததை முதலில் எடுப்பது இங்கும் நல்ல கணக்கு முறையாகும்.

வரவும் செலவும்

ரசம், சாம்பார், காய்கறிக் குருமா, கிச்சடி, புலாவ் என எங்கெல்லாம் நீர் சேர்க்கிறோமோ அங்கெல்லாம் வடிசாற்றைச் சேர்க்கலாம். வீட்டில் காய் குறைந்த நாளில், ஒரு பிடி பருப்பும் இந்தச் சாறும் மிளகுச் சீரகமும் இருந்தால் நிறைவான ரசம் அமைந்துவிடும். மாதக் கடைசியில் இதன் அருமை தெரியும்.

செலவுப் பக்கத்தில் முதலில் நிற்பது எரிவாயு. வடிசாற்றுக்கென்றே இரண்டு மணி நேரம் அடுப்பை எரித்தால், மிச்சம் பிடித்த காசு அடுப்பிலேயே கரைந்துபோகும். குக்கரையும் சிறிய எரிமுனையையும் பயன்படுத்துவதும், பாத்திரத்தை மூடிச் சமைப்பதும் எரிபொருள் சேமிப்புக்குப் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் நெடுங்காலமாகக் கூறிவரும் வழிகளாகும். எலும்புச் சாற்றைப் பொறுத்தவரை, குக்கரில் காய்ச்சுவதே குடும்பக் கணக்குக்கு ஏற்றது.

சத்துக் கணக்கையும் நேர்மையாகப் பார்த்தல் வேண்டும். எலும்புச் சாற்றில் சுண்ணாம்புச் சத்து நிறைந்திருக்கிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் எலும்பிலிருந்து சாற்றில் இறங்கும் சுண்ணாம்பு மிகச் சிறிதே. ஒரு குவளைப் பால் அதைவிடப் பன்மடங்கு தரும். ஜெலட்டினும் முழுமையான புரதமன்று. இன்றியமையாத அமினோ அமிலங்களுள் ஒன்றாகிய டிரிப்டோபான் அதில் இல்லை. காய்கறி வடிசாற்றில் புரதம் இல்லை என்றே கொள்ளலாம். எனவே நோயாளிக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் வெறும் சாற்றைக் கொடுத்துவிட்டு உணவு கொடுத்ததாக எண்ணுதல் கூடாது. அது பசியைத் தூண்டும், நீர்ச்சத்தைத் தரும். உணவின் இடத்தை நிரப்புவதற்குப் பருப்போ முட்டையோ பாலோ உடன் வேண்டும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். காய்களில் உள்ள பொட்டாசியம் கொதிக்கும்போது நீரில் இறங்கிவிடும். இதனாலேயே அந்நோயாளிகளுக்குக் காய்களை வேகவைத்து நீரைக் கொட்டிவிடுமாறு அறிவுறுத்துவர். வடிசாறு என்பது அந்த நீரேதான். பொட்டாசியக் கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைப் பருகுதல் ஆகாது.

எஞ்சும் சக்கை

வடித்தபின் எஞ்சும் காய்ச்சக்கை இறுதிப் படிக்கு உரியது. உப்பும் எண்ணெயும் சேராததால் அது மாடித்தோட்டத்தின் உரத்தொட்டிக்கு மிகவும் ஏற்றது. வெந்து மென்மையாகிவிட்டதால் விரைவில் மட்கும். உரத்தொட்டி இல்லாதவர்கள், மக்கும் குப்பையைத் தனியே பிரித்துக் கொடுத்தல் வேண்டும். வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாக்கின. எலும்பைத் தொட்டியில் இட்டால் எலியும் பூனையும் தேடி வரும். அதனைக் குப்பை வண்டிக்கே கொடுத்துவிடுக.

உண்ணத்தக்கதை உண்பது, சுவை எஞ்சியதை வடிப்பது, சக்கையை மண்ணுக்குக் கொடுப்பது என்னும் இம்மூன்றும் முறையாக நடந்தால், குப்பைக் கூடைக்குச் செல்வது மிகக் குறைவே. இதனால் எந்தக் குடும்பமும் பெருஞ்செல்வம் சேர்த்துவிடப் போவதில்லை. ஆயினும் விலை கொடுத்து வாங்கியதன் முழுப் பயனையும் பெற்றோம் என்னும் நிறைவு கிட்டும். அடுத்த முறை பட்டாணி உரிக்கும்போது, தோல்களைக் கூடையில் தள்ளுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, நன்றாகக் கழுவி, ஒரு குக்கரில் இட்டுப் பாருங்கள். அன்றைய புலாவ் வெந்து இறங்கும்போது எழும் மணமே அதன் பயனை உங்களுக்கு உணர்த்தும். மிஞ்சும் சாற்றை மட்டும் மறவாமல் இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள்.